எட்டு சீட்டும் ஒரு மடியும்

ஒரு பெரிய வண்டி நம் குடும்பத்துக்குச் சரிப்படுமா என்று தெரிய அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். பிரேக் பிடித்துப் பார், மேட்டில் ஏற்றிப் பார், ஏசி குளிர்கிறதா பார் என்பார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் சொந்தக்காரர்களை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திப் பாருங்கள். வண்டியைப் பற்றியும் தெரிந்துவிடும், குடும்பத்தைப் பற்றியும் தெரிந்துவிடும். உங்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பாத சில விஷயங்களும் தெரிந்துவிடும்.

நான் செய்து பார்த்தவன். அதனால் சொல்கிறேன்.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் கிளம்பியவன். ஆந்திராவில் முறுக்கு சுட்டேன். மும்பையில் டீ ஆற்றினேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். ஓர் ஊரில் கொஞ்ச நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும், கிளம்பிவிடுவேன். கடைசியாகச் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் லாரியில் வேலை பார்த்தபோது இரும்புக் குழாய் ஒன்று இடது பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல் போனது. உள்ளே ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். குதிகால் வரைக்கும் உணர்ச்சி கிடையாது. அதோடு அரிப்பும் நின்றுவிட்டது. கோவில்பட்டிக்குத் திரும்பி வந்து, ஒரு லோடு ஆட்டோ வாங்கி, தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறேன். (கிளட்ச் மிதிக்க உணர்ச்சி தேவையில்லை. எடை இருந்தால் போதும்.)

பெரிய வண்டி ஆசை அந்தப் போர்வெல் லாரியில் போகும்போதுதான் வந்தது. நாங்கள் குழாய்களுக்கு நடுவில் தார்ப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போவோம். பக்கத்தில் எட்டுப் பேர் உட்காரும் கார்கள் முந்திக்கொண்டு போகும். மேலிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரியும். ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவார்கள். யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்துப் பின்னால் நீட்டுவார்கள். ஒரு பிள்ளையின் கால் சன்னல் கண்ணாடியில் அப்பியிருக்கும். அதைப் பார்த்தால் என்னவோ போல இருக்கும். என் குடும்பத்தையும் ஒருநாள் இப்படி ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை மேரியிடம் சொன்னேன். மேரி என் மனைவி. தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்ப்பவள்.

"நம்ம வீட்டுல எத்தன பேரு?" என்றாள்.

"மூணு பேரு."

"வண்டியில எத்தன சீட்டு?"

"எட்டு."

"மிச்சத்துல யாரு உக்காருவா? பேயா?"

"வண்டி வந்தா ஆளு தானா வரும்ட்டி."

"அதுக்குத்தான் நான் பயப்படுதேன்."

அவள் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு நடந்து போறோம். ஷைனி பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸுல போறா. சந்தைக்கு உங்க லோடு ஆட்டோவே ஏழு ஊரு சாமான் ஏத்தும். வருசத்துல ரெண்டு நாளு எல்லாருமாப் போவோம். அன்னைக்கு ஒரு வேன் புடிச்சா முடிஞ்சுபோச்சு. மத்த நாளெல்லாம் காலி சீட்ட இழுத்துக்கிட்டுத் திரியணுமா? சரி, வாங்குதீங்கன்னே வச்சுக்கிடுவோம். நம்ம தெருவுல எங்கன நிப்பாட்டுவீங்க? என் தலையிலயா?"

இன்று யோசித்தால், பெரிய வண்டி வாங்கப் போகிற ஒருவன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எல்லாமே அதில் இருந்தன. அன்று எனக்கு அது பொம்பிளைப் பேச்சாகப் பட்டது. (மேரி இதைப் படிப்பாள். அன்று என்றுதான் எழுதியிருக்கிறேன்.)

புரோக்கர் தங்கராசு இருந்தாரே, அவர் கேள்வியே கேட்கவில்லை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன், முகத்தில் எப்போதும் நல்ல சேதி. கைமாறி வந்த பெரிய வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. சாம்பல் நிறம். பார்க்க ஒரு சின்ன வீடு போல இருக்கும்.

"அண்ணாச்சி, இதச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு நாளு குடும்பத்தோட போயிட்டு வாங்க. வண்டியே உங்ககிட்டப் பேசும்" என்றார்.

கடைசிவரை வண்டி பேசவில்லை. வழி நெடுக அவர்தான் பேசினார்.

அந்த வாரத்தில்தான் என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. செல்வியைப் புதூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் காதுகுத்தில் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு: பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலில் பூசை. பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மாமன் மடி, ஆசாரியின் ஊசி, பிள்ளையின் கத்தல். பிறகு மாமன் கொண்டுவந்த கிடாவை வெட்டி ஊருக்கு அசனச் சாப்பாடு.

இந்த முறையில் என் கணக்கு மோசமாக இருந்தது. செல்வியின் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய மூத்தவனுக்குக் காது குத்தியபோது நான் ராய்ப்பூர் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரனை உட்காரவைத்துச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு செல்வியின் மாமியார் வீட்டில் எதற்குச் சண்டை வந்தாலும், குழம்பில் உப்புக் கூடினால்கூட, அந்த மடி வந்துவிடும். "அண்ணன் இருக்கான் அண்ணன் இருக்கான்னு சொல்லுதா. ஒரு மடிக்கு ஆளக் காணோம்."

செல்வி போன் செய்தாள். "அண்ணே, சீரு ஒண்ணும் பெருசா வேண்டாம். நீ வந்தாப் போதும். மொத நாளே பஸ்ஸு ஏறி வந்துரு."

"பஸ்ஸா? நாங்க காருல வாரோம்ட்டி."

"யாரு காரு?"

"நம்ம காருன்னு வச்சுக்கோயேன்."

"அண்ணே, எனக்குக் காரு வேண்டாம். உன் மடிதான் வேணும். இந்தத் தடவையும் வேற ஆள உக்கார வச்சா, அப்புறம் நான் இந்த வீட்டுல வாயத் தொறக்க முடியாது. பாத்துக்கோ."

"கவலப்படாத. எட்டு சீட்டு வண்டியில ஒரு மடி வராமலா போவும்?" என்றேன். இந்த வாக்கியத்தை நான் எவ்வளவோ முயன்றும் யாரும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தங்கராசு வண்டியோடு வந்தார். தெருவுக்குள் வண்டி நுழைந்தது. திரும்பத்தான் முடியவில்லை. எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்தோம். தண்ணீர்க் குடங்களை ஓரம் வைத்தோம். ஒரு மோட்டார்பைக்கைத் தூக்கி வேறொரு வீட்டு நடைக்குள் வைத்தோம். அப்படியும் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து அது திரும்புவதற்குள் பாதித் தெரு பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தது. மேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றைத் திரும்பக் கட்டப் போனாள்.

வண்டியின் முழுப் பலத்தையும் சோதிக்க வேண்டும் என்பதால் எட்டு சீட்டையும் நிரப்ப ஏற்பாடு செய்திருந்தேன். நான், மேரி, பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் மகள் ஷைனி, சூசைப் பெரியப்பா, ரோஸ் சித்தி, சித்தியின் மருமகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள். தங்கராசு கடைசி நிமிடத்தில், "வண்டிய நம்பித்தான் விடுதேன் அண்ணாச்சி, ஆனாலும் நானும் வாரேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒரு பிள்ளை மடிக்குப் போனது.

கிடாவை லோடு ஆட்டோவில் தனியாக அனுப்புவதாக இருந்தது. "இவ்வளவு பெரிய வண்டி இருக்கையில கிடாவுக்கு எதுக்குத் தனி வண்டி?" என்றேன். இதுவும் நான் சொன்னதுதான்.

அப்போதுதான் பெரிய வண்டியின் ரகசியம் ஒன்று தெரிந்தது. மூன்றாவது வரிசையை மடக்கினால் பின்னால் சாமான் வைக்கலாம். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் சாமானுக்கு இடம் கிடையாது. எட்டுப் பேரும் போகலாம், எட்டுப் பேரின் சாமானும் போகலாம். இரண்டும் ஒரே நாளில் போக முடியாது.

"அப்போ சீரு?" என்றாள் மேரி. பழத்தட்டு, பலகாரம், பட்டுப்பாவாடை, கடலைமிட்டாய் டப்பாக்கள், மாலை, எல்லாம் தெருவில் வரிசையாக இருந்தன.

"ஆளுக்கு ஒண்ண மடியில வச்சுக்கிடுங்க" என்றார் தங்கராசு.

"கிடாவ யாரு மடியில வைக்க?"

கிடா மூன்றாவது வரிசையில் பெரியப்பாவின் பக்கத்தில் ஏறியது. தங்கராசு ஓடிவந்து சாக்கு விரித்தார். "வண்டியில வாசம் தங்கிரக் கூடாது அண்ணாச்சி." பெரியப்பா நல்ல கனத்த உடம்பு. நடு சீட்டை மடக்கி, அவரைப் பக்கவாட்டில் திருப்பி, பின்னாலிருந்து ஷைனி தள்ளித்தான் உள்ளே போனார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன.

"வசதியா இருக்கா பெரியப்பா?"

"இருக்குலே. எறங்கணும்னு சொல்லாத வரைக்கும் வசதிதான்."

எட்டயபுரம் சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. ஏசி முன்சீட்டில் மார்கழியும் கடைசி வரிசையில் சித்திரையுமாக வேலை செய்தது. தங்கராசு துண்டைப் போர்த்திக்கொண்டு வண்டியின் பெருமைகளைச் சொல்லி வந்தார். பின்னால் பெரியப்பா சட்டையைக் கழற்றியிருந்தார். ரோஸ் சித்திக்கு அடைத்த வண்டி ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏலே, கண்ணாடியத் தொறலே" என்றார். "ஏசி போட்டாத் தொறக்கக் கூடாது அத்த" என்றார் தங்கராசு. அதற்குச் சித்தி வாந்தியால் பதில் சொன்னார். நிறுத்தினோம்.

பிறகு சின்னப் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தது. அது கடைசி வரிசையில் இருந்தது. கடைசி வரிசை இறங்க வேண்டுமானால் நடுவரிசை முழுவதும் இறங்க வேண்டும். நடுவரிசை இறங்க வேண்டுமானால் மடியில் இருக்கும் சீர் இறங்க வேண்டும். சாலையோரத்தில் தட்டுகளைப் பரப்பி வைத்துவிட்டு நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து, போகிற வண்டிக்காரர் ஒருத்தர், "பழம் எப்படி?" என்று விலை கேட்டார். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் பெரிய பிள்ளைக்கு வந்தது.

இப்படியே நேரம் கரைந்தது. செல்வியின் ஊரை நெருங்கும்போது கோவிலில் பூசை தொடங்கியிருக்கும். அங்கே பாலம் வேலை என்று சாலையை மறித்து மாற்றுப்பாதை போட்டிருந்தார்கள். மாற்றுப்பாதை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் இந்தப் பக்கம் உளுந்துக் காட்டுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை நேராகப் போகிறது. அதன் முடிவில் அந்தோணியார் கோவில் கோபுரச் சிலுவை பளிச்சென்று தெரிகிறது.

முந்தாநாள் மழை பெய்திருந்தது. கரிசல் காட்டில் பிறந்த எவனும் மழைக்குப் பிறகு தார் ரோட்டை விட்டு வண்டிச் சக்கரத்தைக் கீழே வைக்க மாட்டான். எனக்கும் தெரியும். பாதையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரும் சொன்னார். "மேலதான் காஞ்சாப்ல இருக்கு அண்ணாச்சி. உள்ள களியாக் கெடக்கு. என் ஆடே ஓரமாத்தான் போவுது."

அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் அதற்கு ஒரு சோதனை உண்டு. குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்தித் திருக வேண்டும். ஈரம் இருந்தால் சில்லென்று ஏறும், கால் உள்ளே வழுக்கும். காய்ந்திருந்தால் கடக்கென்று நிற்கும். நான் கம்பீரமாக இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். எல்லோரும் பார்க்கக் குதிகாலை ஊன்றித் திருகினேன். சில்லென்றும் இல்லை, வழுக்கவும் இல்லை.

"நல்லாக் காஞ்சிருக்கு" என்று ஏறி உட்கார்ந்து வண்டியைப் பாதையில் இறக்கினேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். மேரி மெதுவாகக் கேட்டாள். "எந்தக் கால வச்சுப் பாத்தீங்க?"

நான் யோசித்தேன். இடது கால்.

அந்த நேரத்தில் வண்டி முன்னால் போவதை நிறுத்திவிட்டுக் கீழே போக ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு இடப்பக்கச் சக்கரங்கள் உள்ளே இறங்கின. ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் இருந்த இடத்தில் நான்கு மண் உருண்டைகள் ஆயின. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கடலைமிட்டாய் டப்பாக்கள் எல்லாம் சித்தியின் மருமகள் பக்கம் உருண்டன. கிடா பெரியப்பாவின் மேல் சாய்ந்துகொண்டது.

"பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றார் தங்கராசு. "இதே எடத்துல வேற வண்டின்னா இன்னும் ஆழமாப் போயிருக்கும்."

இடப்பக்கக் கதவுகளைத் திறந்தால் அடிவிளிம்பு சேற்றில் முட்டியது. வலப்பக்கக் கதவுகளில் வேலிமுள் புதர் அப்பியிருந்தது. டிக்கிக் கதவை உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. கடைசியில் ஷைனி சன்னல் வழியாகச் சேற்றில் குதித்து, சுற்றிப் போய் டிக்கியைத் திறந்தாள். "அப்பா, இது குடும்பக் கார்னு சொன்னீங்க. குடும்பம் எறங்குறதுக்கு வழி இல்லியே" என்றாள்.

டிக்கி திறந்ததும் முதலில் வெளியே பார்த்தது கிடா. முன்னங்காலை எடுத்துச் சேற்றில் வைத்தது. உடனே எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெரியப்பா பக்கத்தில் நின்றுவிட்டது. அந்த வண்டியில் வந்தவர்களில் கரிசலைச் சரியாகச் சோதித்தது அது ஒன்றுதான்.

நான் சீட்டுகளின் மேல் தவழ்ந்து, பெரியப்பாவின் தோளில் ஏறி, டிக்கி வழியாக இறங்கினேன். கோவில் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நடந்துவிடலாம் என்று நினைத்தேன். ஈரக் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் மண் பாதத்தில் ஒட்டி, கால் கனத்து, நாமே கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போவோம். நல்ல காலுக்கே அந்தப் பாடு. தகடு வைத்த கால் எங்கே ஊன்றுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். ஆடு மேய்ப்பவர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டுவந்து டிக்கியில் உட்காரவைத்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. "இரிங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

செல்வியின் போன் வந்தது. மேரி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, பூச முடிஞ்சிட்டு. எங்கன இருக்க?"

"கோவிலு தெரியுதுட்டி."

"கோவிலு எனக்குந்தான் தெரியுது. நீ எங்கன இருக்க?"

சொன்னேன். அந்தப் பக்கம் அவள் மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது. "எனக்கு அப்பமே தெரியும். ஆசாரிக்கு இன்னொரு ஊருல வேல இருக்காம், நிக்க மாட்டாராம். அண்ணன் முறையில யாராச்சும் இருந்தா உக்கார வைங்கப்பா. நமக்கு இது புதுசா?"

போன் கட்டாகிவிட்டது.

தங்கராசு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் மூன்றாவது வரிசையில் பெரியப்பாவுக்கும் கிடாவுக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டேன். முழங்கால் தாடையில் இடித்தது. இந்த வண்டியைத் தேடியா லாரியின் மேல் படுத்துக்கொண்டு ஏங்கினோம் என்று இருந்தது. மூன்று விசேஷத்திலும் அவளுக்கு அண்ணன் இல்லை. முதல் இரண்டுக்காவது லீவு, ஆஸ்பத்திரி என்று காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் சொல்வது? கார் என்றா?

பெரியப்பா என் முதுகில் கையை வைத்தார். "ஏலே, மடிதான் வேணும்னா எம் மடி கெடக்கு. ஆனா நான் தாத்தா முறையால்லா ஆவேன். மடி இருக்கு, முற இல்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போது ஷைனி வெளியேயிருந்து கத்தினாள். "அப்பா! டிராக்டரு!"

எட்டிப் பார்த்தேன். உளுந்துக் காட்டின் நடுவே சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் செல்வியின் புருஷன் அருள் மாப்பிள்ளை. ஒரு பக்க மட்கார்டில் பட்டுச்சேலையோடு செல்வி, இடுப்பில் பிள்ளை. மறுபக்க மட்கார்டில், சாமான் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசாரி.

டிராக்டர் வண்டியின் பின்னால் வந்து நின்றது. செல்வி என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை கரிசல். பக்கத்தில் கிடா.

"மடி வரல. சரி, காதக் கொண்டுவந்துட்டேன்" என்றாள்.

"உங்க மாமியா?"

"குதிச்சாவ. குதிக்கட்டும். கோவிலு இங்கன இருந்தே தெரியுதுல்லா, அது போதும். சாமியாரு கம்மல மந்திரிச்சுக் குடுத்துட்டாவ. நவுந்து உக்காரு."

அருள் மாப்பிள்ளை இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "மச்சான், நீங்க கோவிலுக்கு வழி கேட்டீங்களா, கெணறு வெட்ட எடம் பாத்தீங்களா?" என்றார். பழைய போர்வெல்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?

வெளியே நிற்க இடமில்லை. தூறல் வேறு போட ஆரம்பித்தது. எனவே காதுகுத்து வண்டிக்குள் என்று முடிவானது. ஆசாரி டிக்கி வழியாக ஏறி, நடு சீட்டில் பின்பக்கம் பார்த்து மண்டி போட்டார். என் வேட்டியில் பிள்ளையை வைக்க முடியாது. மேரி சீர்த்தட்டிலிருந்த பட்டுப்பாவாடையை எடுத்து என் மடியில் விரித்தாள். அதன்மேல் ஜெர்லினை உட்காரவைத்தார்கள். ஒரு வயதுப் பிள்ளை. என்னை முன்னேபின்னே பார்த்ததில்லை. முகத்தில் சேறு பூசிய ஒருவன், ஒரு பக்கம் தடித்த தாத்தா, மறுபக்கம் கொம்பு வைத்த கிடா. வேறு பிள்ளையாக இருந்தால் ஊசியே வேண்டாம், அந்தக் காட்சிக்கே அலறியிருக்கும்.

"ஏசியப் போடுங்க, பிள்ளைக்கு வேர்க்குது" என்றார் அருள் மாப்பிள்ளை. தூறலுக்கு ஒதுங்கி அவர் ஓட்டுநர் சீட்டுக்குப் போயிருந்தார். தங்கராசு போட்டார். எல்லோரும் டிக்கி வாசலை நெருங்கி அடைத்துக்கொண்டதால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடைசி வரிசைக்கும் குளிர் வந்தது. தலைக்கு மேலே இருந்த சின்ன விளக்கு எரிந்தது. ஜெர்லின் வாயைப் பிளந்து அதையே பார்த்தாள். ஆசாரி அந்த நேரம் பார்த்து, கண்ணளவில் இரண்டு காதிலும் மைப்பொட்டு வைத்து, ஒரு காதைக் குத்திவிட்டார். அவளுக்கு அது தெரியவே இல்லை.

இரண்டாவது காது தெரிந்துவிட்டது. அடைத்த வண்டிக்குள் ஒரு பிள்ளை முழுமூச்சில் அழுதால் எப்படி இருக்கும் என்பதையும் அன்று சோதித்தாயிற்று. கிடாவும் சேர்ந்து கத்தியது. சித்தி அவசரமாகச் சீனியை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். (வாழைப்பழம் கொடுத்திருக்கலாம். அதைக் கிடா எட்டயபுரம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டது.) ஜெர்லின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சேற்றிலேயே முகத்தைப் புதைத்து விசும்பினாள். கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சிலேயே தூங்கிப்போனாள். நான் அசையவில்லை. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆளப் பாரு, கரிசல்ல மொளச்சவன் மாதிரி" என்று சொல்லி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

முன்னால் அருள் மாப்பிள்ளையின் குரல் தணிவாகக் கேட்டது. "தங்கராசு அண்ணாச்சி, மைலேஜ் என்ன குடுக்கும்?"

டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை இழுத்தோம். அசனம் தாமதமானது, ஆனால் நடந்தது. செல்வியின் மாமியார் என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களே, அதுவே பெரிய காரியம்" என்றார். குத்தலா பாராட்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இலையில் கறியை மட்டும் கூடுதலாக வைக்கச் சொன்னார்.

வண்டியை நான் வாங்கவில்லை. அடுத்த மாதம் அதை அருள் மாப்பிள்ளை வாங்கினார். அவர்கள் ஒரே வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று கூட்டமாக இருப்பவர்கள். ஒருத்தர் கிளம்பினால் எல்லோரும் கிளம்புவார்கள். நிறுத்த வீட்டு முன்னால் களம் இருக்கிறது. மேரி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர்கள் வீட்டில் பதில் இருந்தது. மழை பெய்தால் வண்டியை எடுப்பதில்லை.

இப்போது ஏதாவது விசேஷம் என்றால் அவர்கள் கோவில்பட்டி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கடைசி வரிசை. அது என் சொந்த இடம் என்று குடும்பமே சேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டது. ஜெர்லின் வேறு எங்கே இடம் இருந்தாலும் வந்து என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வண்டி அன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது என்றேன் அல்லவா? ஆசாரி அந்தச் சாய்விலேயே மண்டி போட்டுக் கண்ணளவு பார்த்துப் பொட்டு வைத்துவிட்டார். ஜெர்லினின் இடது காது ஓட்டை வலது காதைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது. சின்னத் தோட்டில் தெரியாது. ஜிமிக்கி போட்டால் தெரியும். வேறு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். ஜெர்லின் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்க மாமா மடி கோணல்" என்கிறாளாம்.

போன மாதம் அவளுக்குப் புதுநன்மை, எட்டு வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. கோவில் வாசலில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தோம். அவள் வழக்கம்போலத் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து நின்றாள்.

"பாப்பா, தலைய நேரா வை" என்றார் போட்டோக்காரர்.

"நேரா வச்சாத்தாண்ணே கோணலாத் தெரியும்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. முதலில் ஷைனி சாய்த்தாள், பிறகு செல்வி, அருள் மாப்பிள்ளை, மேரி, பெரியப்பா, கடைசியில் செல்வியின் மாமியார்கூட. எல்லோரும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டினோம். அவர் தலையில் அடித்துக்கொண்டு எடுத்தார்.

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு எழுந்து போய், சட்டத்தைப் பிடித்து நேராக்கப் பார்ப்பார்கள்.